ஆற்றோடு இறங்குதல்
(மலையிடுக்குப் பயணத்தின் விஞ்ஞானம்)

மலை ஏறுவதைப் பற்றி எழுதியவர்கள் பலர். இறங்குவதைப் பற்றி எழுதியவர்கள் சிலரே. அதிலும், ஆறு எந்த வழியாக இறங்குகிறதோ அதே வழியாக, ஆற்றுக்குள்ளேயே நடந்தும், நீந்தியும், வழுக்கியும், குதித்தும் இறங்குவதைப் பற்றித் தமிழில் நான் படித்ததில்லை. அந்தக் குறையை ஒரு சிறிதாவது போக்கலாம் என்ற எண்ணத்தில் எழுந்தது இக்கட்டுரை.

இதைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடவும் முடியாது. விடுமுறை வந்தால் நம் விடுதியில் முதலில் எழும் பேச்சு அருவிப் பயணம்தான். பேருந்து ஏறுகிறோம், மலைக்குப் போகிறோம், நீரைக் கண்டதும் இறங்குகிறோம். ஆனால் அந்த நீர் எப்படி நடந்துகொள்ளும் என்பதைத் தெரிந்துகொண்டு இறங்குகிறவர்கள் நம்மில் எத்தனை பேர்? பௌதிக வகுப்பில் கரும்பலகையில் எழுதிய சமன்பாடுகளெல்லாம் ஆற்றங்கரையில் உயிர் பெற்று நிற்கின்றன. அவற்றை அங்கே படிக்கத் தவறுகிறவன் தேர்வில் தோற்பதோடு நின்றுவிடுவதில்லை.

பெயரும் பிறப்பும்

இரு பக்கமும் செங்குத்தான பாறைச் சுவர்கள்; நடுவே குறுகிய ஆறு. இத்தகைய இடத்தை ஸ்பானிய மொழியில் 'கன்யோன்' என்பார்கள். ஆங்கிலேயர் அதைக் 'கேனியன்' என்றனர். அதன் வழியே இறங்கிச் செல்வதற்கு ஐரோப்பாவில் 'கேனியனிங்' என்றும், அமெரிக்காவிலும் பிலிப்பைன்ஸ் நாட்டிலும் 'கேனியனீரிங்' என்றும், தென்னாப்பிரிக்காவில் 'குளூஃபிங்' என்றும் பெயர்.

நமக்குச் சொல் பஞ்சம் இல்லை. மலைப் பிளவுக்கு 'விடர்' என்ற பழஞ்சொல் இருக்கிறது. ஆற்றில் நீர் தேங்கி ஆழ்ந்த இடம் 'மடு'. எங்கள் நெல்லைப் பக்கத்தில் அதையே 'கசம்' என்பார்கள். 'அங்கே கசம் கிடக்கு, இறங்காதே' என்று சொல்லி வளர்க்கப்பட்ட பிள்ளைகள் நாங்கள். மலையிலிருந்து வீழும் நீர் 'அருவி'. 'நீர்வீழ்ச்சி' என்பது ஆங்கிலச் சொல்லைப் பிரித்துத் தமிழாக்கிய பெயர். 'அருவி' நம் முன்னோர் வைத்த பெயர். ஆகவே இக்கட்டுரையில் அருவி என்றே எழுதுகிறேன்.

இக்கலையின் வரலாற்றில் ஒரு நிகழ்ச்சி குறிப்பிடத்தக்கது. 1905ஆம் ஆண்டு எதுவார் அல்ஃபிரெட் மார்த்தெல் என்ற குகை ஆராய்ச்சியாளர், தென் பிரான்சிலுள்ள வெர்தோன் ஆற்றின் ஆழ்ந்த பள்ளத்தாக்கை ஆராயப் புறப்பட்டார். அவருக்குத் துணையாகச் சென்றவர்களில் ஒருவர் அப்பக்கத்துச் சிற்றூர்ப் பள்ளி ஆசிரியர் இசிதோர் பிளான். இன்று அப்பள்ளத்தாக்கில் நடப்போர் செல்லும் புகழ்பெற்ற பாதைக்கு 'பிளான்–மார்த்தெல் பாதை' என்று பெயர். ஆராய்ச்சியாளர் பெயருக்கு முன்னே வழி தெரிந்த உள்ளூர் ஆசிரியரின் பெயர் நிற்கிறது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஓர் ஆறு, ஓர் உதாரணம்

பொதுவாகப் பேசிக்கொண்டே போவதைவிட ஓர் ஆற்றை எடுத்துக்கொண்டு பேசுவது நல்லது. பிலிப்பைன்ஸ் நாட்டின் செபூத் தீவை எடுத்துக்கொள்வோம். தீவின் தென்மேற்குக் கரையில் அலெக்ரியா, பதியான் என்று இரண்டு ஊர்கள் அடுத்தடுத்து இருக்கின்றன. அலெக்ரியாவின் மலைப்பகுதியில் கன்லவோப் என்னும் இடத்தில் ஆற்றில் இறங்கி, பாறை இடுக்குகளின் வழியே வந்து, பதியானிலுள்ள கவாசான் அருவியில் கரையேறுவது அங்கே பெயர் பெற்ற பயணம். கவாசான் மூன்று அடுக்காக இறங்கும் அருவி. செபூ நகரிலிருந்து பேருந்தில் சுமார் மூன்று மணி நேரப் பயணம்.

எனக்கும் நண்பர்கள் மூவருக்கும் அந்த ஆற்றில் இறங்கும் வாய்ப்பு ஒருமுறை கிட்டியது. காலையில் தலைக்கவசமும் மிதவைச் சட்டையும் தந்தார்கள். நீரிலும் வழுக்காத ரப்பர் காலணி கொடுத்தார்கள். மலைமேலே மோட்டார் சைக்கிளில் ஏற்றிப் போனார்கள். அங்கிருந்து கால்நடை. பிறகு முழுக்க ஆறுதான். நாலைந்து மணி நேரம் அந்த நீர் நம்மை விடுவதில்லை. சில இடங்களில் கணுக்கால் அளவு. சில இடங்களில் கழுத்தளவு. சில இடங்களில் கால் எட்டுவதே இல்லை. பாறைச் சுவர்கள் நெருங்கி வரும்போது வானம் ஒரு நீல நாடாவாகச் சுருங்கிவிடுகிறது. சிறிய அருவிகளின் ஓரத்தில் நீரே தேய்த்து மெருகிட்ட பாறைச் சரிவுகள் உள்ளன. அவற்றில் உட்கார்ந்து வழுக்கி இறங்கலாம். வேறு சில இடங்களில் குதிக்க வேண்டும். ஐந்தாறு அடியில் தொடங்கி முப்பது, நாற்பது அடி வரை குதிக்கும் இடங்கள் உண்டு. உயரமான இடங்களில் குதிக்க விரும்பாதவருக்குப் பக்கவழியும் உண்டு.

பள்ளம் பிறந்த கதை

இத்தனை ஆழமான இடுக்கை வெட்டியது யார்? அதே ஆறுதான். ஆனால் அது இரண்டு ஆயுதங்களைக் கொண்டு வெட்டுகிறது.

முதல் ஆயுதம் இரசாயனம். செபூத் தீவின் பெரும்பகுதி சுண்ணாம்புக்கல். பழைய கடலில் வாழ்ந்த பவளங்களும் சிப்பிகளும் படிந்து இறுகியதே அக்கல். மழைநீர் காற்றிலிருந்தும், அதைவிட மிகுதியாக மண்ணிலிருந்தும், கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு மெல்லிய அமிலமாகிறது. சோடாத் தண்ணீரில் இருப்பதும் இதே அமிலந்தான். இது சுண்ணாம்புக்கல்லின் கால்சியம் கார்பனேட்டைக் கால்சியம் பைகார்பனேட்டாக மாற்றுகிறது. அது நீரில் கரைந்து போய்விடுகிறது. கல் கரைகிறது, வெடிப்பு அகலமாகிறது, குகை பிறக்கிறது, குகையின் கூரை சரிந்தால் இடுக்கு பிறக்கிறது.

இரண்டாவது ஆயுதம் கூழாங்கல். வெள்ளக் காலத்தில் சுழலில் அகப்பட்ட கற்கள் ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றிப் பாறையைக் குடைகின்றன. அம்மிக்கல் தேய்வது போலப் பாறை தேய்ந்து, வட்டமான குழிகள் தோன்றுகின்றன. அருவியின் அடியில் வீழும் நீரும் கல்லும் சேர்ந்து குடைந்த பெருங்குழியே மடு. நாம் குதிக்கும் மடுவெல்லாம் அருவி தனக்காக வெட்டிக்கொண்டது.

இதில் ஓர் அதிசயம் உண்டு. சுண்ணாம்பு நாட்டு ஆறு வெட்டுவதோடு நிற்பதில்லை, கட்டவும் செய்கிறது. ஊற்றிலிருந்து வெளிப்பட்ட நீர் அருவியில் சிதறும்போது அதிலுள்ள கரியமில வாயு காற்றோடு போய்விடுகிறது. அமிலம் குறைந்ததும், கரைந்திருந்த சுண்ணாம்பு மீண்டும் கல்லாகப் படிகிறது. பாசியின் மேலும், வேரின் மேலும், விழுந்த கிளையின் மேலும் படிந்து படிந்து, மடுவின் விளிம்பில் சிறு அணையே எழும்பிவிடுகிறது. நம் வீட்டு வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதன் பங்காளிதான் இந்த அணை.

நிறத்தின் காரணமும் இங்கேயே இருக்கிறது. கவாசான் நீர் மயில்கழுத்து நிறம். தூய நீர் சூரிய ஒளியின் சிவப்புப் பகுதியை மிகுதியாக உட்கொண்டு, நீலத்தையும் பச்சையையும் விட்டுவிடுகிறது. நீரில் மிதக்கும் நுண்ணிய சுண்ணாம்புத் துகள்களும் அடியிலுள்ள வெண்மையான படிவும் அந்த ஒளியை நம் கண்ணுக்குத் திருப்பி அனுப்புகின்றன. ஆகவே நீல நிறம் அழகு மட்டும் அன்று. நீர் தெளிவாக இருக்கிறது, மேலே மண் அரிப்பு இல்லை என்பதற்கு அடையாளமும் ஆகும். அந்த நிறம் மாறினால் என்ன பொருள் என்பதைப் பின்னர்க் காண்போம்.

குதித்தலின் கணக்கு

இனி நாம் எல்லோரும் அறிந்த ஒரு சமன்பாட்டிற்கு வருவோம். உயரத்திலிருந்து விழும் பொருளின் வேகம், உயரத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. காற்றின் தடையை ஒதுக்கிவிட்டுக் கணக்கிட்டால் கிடைப்பது இது:

3 மீட்டர் உயரம் – வினாடிக்கு 7.7 மீட்டர், அதாவது மணிக்கு சுமார் 28 கிலோமீட்டர்.
5 மீட்டர் உயரம் – வினாடிக்கு 9.9 மீட்டர், மணிக்கு சுமார் 36 கிலோமீட்டர்.
10 மீட்டர் உயரம் – வினாடிக்கு 14 மீட்டர், மணிக்கு சுமார் 50 கிலோமீட்டர்.

பத்து மீட்டரிலிருந்து நீரைத் தொட ஒன்றரை வினாடிகூட ஆவதில்லை. அதற்குள் உடலை நேராக்கிக்கொள்ள வேண்டும். நேராக இல்லாவிட்டால் என்ன? இதோ அடுத்த கணக்கு. நீர் காற்றைவிட ஏறத்தாழ 800 மடங்கு அடர்த்தியானது. வினாடிக்கு 14 மீட்டர் வேகத்தில் நீரில் மோதும்போது எழும் அழுத்தம், அடர்த்தியின் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் கிடைப்பது. சுமார் 98,000 பாஸ்கல். நம்மைச் சூழ்ந்துள்ள வாயுமண்டலத்தின் அழுத்தத்திற்கு இது ஏறத்தாழச் சமம். கால்களைச் சேர்த்து நேராக விழுந்தால் நீரில் முதலில் மோதுவது பாதங்களின் சிறு பரப்பு. வயிறோ முதுகோ படும்படி விழுந்தால் பரப்பு பத்து மடங்குக்கு மேல் ஆகிறது; விசையும் அத்தனை மடங்கு ஆகிறது. தண்ணீர் மெத்தை போன்றது என்று நினைத்து மல்லாந்து விழுந்தவன் அது பலகை என்பதை உணர்கிறான்.

ஆகவே வழிகாட்டிகள் சொல்லும் ஒவ்வொரு சொல்லுக்கும் பௌதிகக் காரணம் உண்டு. 'கால்களைச் சேர்' என்பது பரப்பைக் குறைக்க. 'கைகளை மார்போடு கட்டு' என்பது, விரித்த கை நீரில் அடிபட்டு மூட்டு பிசகாமலிருக்க. 'கீழே பார்க்காதே, எதிரே பார்' என்பது, தலை குனிந்தால் உடலும் முன்னே சாயும் என்பதற்காக. 'வாயை மூடு' என்பதற்குக் காரணம் கேட்கவேண்டியதில்லை. 'மிதவைச் சட்டையின் வாரை இறுக்கு' என்பது, தளர்ந்த சட்டை நீர் மோதியவுடன் மேலேறித் தாடையில் இடிக்கும் என்பதற்காக.

ஆழத்தைப் பற்றி ஒரு சொல். பத்து மீட்டர் வீழ்ந்த உடலின் சக்தி முழுவதும் எங்கேயாவது செலவாக வேண்டும். ஆழமான மடுவில் அது சில மீட்டர் தூரத்தில் சிறிது சிறிதாகச் செலவாகிறது. ஆழமற்ற இடத்தில் மீதிச் சக்தி முழுவதும் பாறையில் ஒரே கணத்தில், சில சென்டிமீட்டருக்குள், எலும்பை முறித்துச் செலவாகிறது. மேலிருந்து பார்த்து ஆழத்தை அளக்கவும் முடியாது; ஒளி விலகலால் மடுவின் தோற்றம் நம்மை ஏமாற்றும். நேற்று ஆழமாயிருந்த மடு இன்றும் ஆழமாயிருக்கும் என்ற உறுதியும் இல்லை. 2021 டிசம்பர் 16ஆம் நாள் 'ஒடெட்' புயல் செபூவைத் தாக்கியபோது கவாசான் பகுதியும் பெருஞ்சேதம் அடைந்தது. அத்தகைய ஒரு வெள்ளத்தில் பாறைகள் உருண்டு மடுவை மேடாக்கிவிட முடியும். ஒவ்வொரு பருவத்திலும் மடுவை நீந்தித் தடவிப் பார்த்தவனே அதன் ஆழத்தைச் சொல்லத் தகுதியுள்ளவன்.

வெண்ணீரின் வஞ்சம்

அருவியின் அடியில் நீர் பால்போல் வெளுத்துப் பொங்குகிறது. பார்ப்பதற்கு மிக அழகு. அந்த வெண்மைக்குக் காரணம் காற்றுக் குமிழிகள். இங்கேதான் ஆர்க்கிமிடீஸை நினைக்க வேண்டும்.

அறுபது கிலோ எடையுள்ள ஒருவர் சுமார் 60 லிட்டர் இடத்தை அடைக்கிறார் என்று கொள்வோம். அவர் அணிந்த மிதவைச் சட்டை 8 லிட்டர் இடம். எடை அரை கிலோ. மொத்தம் 68 லிட்டர், 60.5 கிலோ. தெளிந்த நீரில் முழுகினால் மேலே தள்ளும் விசை 68 கிலோ. கீழே இழுப்பது 60.5 கிலோ. ஆகவே மிதக்கிறார். அதே மனிதர் நூற்றுக்கு நாற்பது பங்கு காற்றுக் குமிழி கலந்த நீரில் இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலே தள்ளும் விசை 68இல் அறுபது சதவீதம், அதாவது 40.8 கிலோ மட்டுமே. மிதவைச் சட்டை அணிந்திருந்தும் அவர் அமிழ்கிறார்! கால்பங்கு காற்று இருந்தாலே விசை 51 கிலோவாகக் குறைந்துவிடும். அப்போதும் மிதக்க முடியாது.

இன்னொரு வஞ்சமும் உண்டு. வீழும் நீர் அடியாழம் சென்று, சிறிது தூரம் போய், மேலெழும்புகிறது. மேலெழும்பிய நீரில் ஒரு பகுதி வெளியே ஓடுகிறது. மற்றொரு பகுதி மேற்பரப்பில் அருவியை நோக்கியே திரும்பிப் பாய்கிறது. அதில் அகப்பட்டவரை நீர் மீண்டும் மீண்டும் அருவியின் கீழே கொண்டுபோய் அமுக்குகிறது. எத்தனை வலிமையான நீச்சல்காரரும் அந்தத் திரும்பும் நீரை எதிர்த்து நேராக நீந்தித் தளர்ந்துவிடுவார். பக்கவாட்டில் விலகுவதே வழி. பெரிய அருவியின் கீழே போய் நின்று படம் எடுத்துக்கொள்ள ஆசைப்படும் நண்பர்கள் இந்த இரண்டு பத்திகளை இன்னொரு முறை படிப்பார்களாக.

கயிற்றின் கருணை

கவாசான் பயணத்தில் பெரும்பாலும் குதிப்பதும் வழுக்குவதும் நீந்துவதும்தான். ஆனால் வேறு பல இடுக்குகளில் அருவியின் பக்கத்திலேயே கயிற்றைப் பற்றி இறங்க வேண்டும். நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் மழைக்காலத்தில் மகாராஷ்டிரப் பக்கத்தில் இப்படி இறங்குகிறார்கள்.

மெலிந்த கையுள்ள ஒருவர் தம் முழு எடையையும் கயிற்றில் எப்படித் தாங்குகிறார்? தாங்குவது கை அன்று, உராய்வு. 18ஆம் நூற்றாண்டில் ஆய்லர் ஆராய்ந்த கணக்கு இது. கயிறு ஒரு தூணைச் சுற்றும்போது, ஒரு முனையிலுள்ள இழுவிசைக்கும் மறுமுனையில் தேவைப்படும் பிடிக்கும் உள்ள விகிதம், சுற்றின் கோணத்தோடு அடுக்கு விதிப்படி பெருகுகிறது. உராய்வுக் குணகம் 0.3 என்று கொண்டால், ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 6.6 மடங்கு, இரண்டு சுற்றுக்கு 43 மடங்கு, மூன்று சுற்றுக்கு 285 மடங்கு. இரண்டு சுற்றுப் போட்டால் அறுபது கிலோ எடையை ஒன்றரை கிலோப் பிடியில் நிறுத்திவிடலாம். துறைமுகத்தில் தோணிக்காரர் குற்றியில் கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு அலட்சியமாகப் பிடித்து நிற்கிறாரே, அதன் இரகசியமும் இதுவே. இறங்குவோர் இடுப்பிலுள்ள உலோகக் கருவியும் கயிற்றை வளைத்து இந்த உராய்வையே உண்டாக்குகிறது.

ஆனால் குணகம் 0.3 என்றோமே, நீரில் நனைந்த கயிற்றில் அது குறைந்தால்? 0.2 ஆகிவிட்டால் இரண்டு சுற்றுக்கு 43 மடங்கு என்பது 12 மடங்காகச் சுருங்கிவிடும். அடுக்கு விதியின் கருணையும் அதிகம், கோபமும் அதிகம். ஆகையால்தான் காய்ந்த பாறையில் கயிறு பழகியவர்கூட அருவியில் இறங்கப் புதிதாகப் பாடம் கேட்க வேண்டும்.

வானம் எங்கே பெய்கிறது?

இதுவரை சொன்னவை சிறிய ஆபத்துகள். பெரிய ஆபத்து ஒன்றே: திடீர் வெள்ளம்.

ஓர் ஆறு 30 மீட்டர் அகலமான இடத்தில் அரை மீட்டர் ஆழத்தில் வினாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது என்போம். வினாடிக்கு 15 கன மீட்டர் நீர். அதே நீர் 3 மீட்டர் அகலமான இடுக்கில் நுழைகிறது. வேகம் இரட்டித்தாலும் ஆழம் இரண்டரை மீட்டர் ஆகியே தீரவேண்டும். அகன்ற இடத்தில் முழங்காலளவு நீர், இடுக்கில் ஆள் உயரத்தைத் தாண்டுகிறது. மேலே சிறிய ஏற்றம், கீழே பேரேற்றம்.

வேகத்தின் கணக்கு இன்னும் கடுமையானது. இடுப்பளவு நீரில் நிற்பவர்மேல் நீர் தள்ளும் விசை, வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. வினாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் சுமார் 15 கிலோ. 2 மீட்டரில் 60 கிலோ. 3 மீட்டரில் 135 கிலோ. முதலாவதில் நிற்கலாம், இரண்டாவதில் தடுமாறுவோம், மூன்றாவதில் யாராலும் முடியாது. ஆறு உருட்டக்கூடிய கல்லின் எடையோ வேகத்தின் ஆறாம் படியாகப் பெருகுகிறது. வேகம் இருமடங்கானால் கல்லின் எடை 64 மடங்கு! வெள்ளத்தில் வருவது நீர் மட்டும் அன்று என்பது இதனால் விளங்கும்.

1999 ஜூலை 27ஆம் நாள் சுவிட்சர்லாந்தில் இன்டர்லாக்கன் அருகே சாக்ஸெட்டன் ஓடையில் இப்படி இறங்கிக்கொண்டிருந்தவர்கள்மேல் திடீர் வெள்ளம் பாய்ந்தது. மலைமேலே இடிமழை; கீழே இடுக்கில் மனிதர்கள். 21 பேர் மாண்டனர். அவர்களில் மூவர் வழிகாட்டிகள். பயணத்தை நடத்திய நிறுவனத்தைச் சேர்ந்த ஆறு பேரை 2001இல் நீதிமன்றம் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளித்தது. ஆகவே வழிகாட்டி உடன் இருப்பதே முழுக்காப்பு ஆகிவிடாது. புறப்படலாமா வேண்டாமா என்ற முடிவு சரியாக எடுக்கப்பட வேண்டும்.

நம் நாட்டுக்கு வருவோம். 2014 ஜூன் 8ஆம் நாள் இமாசலப் பிரதேசத்தில், ஐதராபாத்திலிருந்து சுற்றுலா வந்த பொறியியல் மாணவர்கள் பியாஸ் ஆற்றின் பாறைகளில் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். மேலே லார்ஜி அணையிலிருந்து நீர் திறந்துவிடப்பட்டது. 24 மாணவர்களும் உடன் வந்த ஒருவரும் அடித்துச் செல்லப்பட்டு மாண்டார்கள். அன்று அங்கே மழை பெய்ய வேண்டிய அவசியமே இருக்கவில்லை. 2024 மே 17ஆம் நாள் பழைய குற்றாலத்தில் திடீரென்று வெள்ளம் பெருகி 17 வயதுச் சிறுவன் ஒருவனை இழுத்துச் சென்றது. ஆண்டுதோறும் ஆயிரமாயிரம் பேர் குளிக்கும், எங்களுக்கெல்லாம் வீட்டு முற்றம் போன்ற இடம் அது.

ஆகவே ஆற்றில் நிற்பவன் கேட்க வேண்டிய கேள்வி 'இங்கே மழை பெய்கிறதா?' என்பதன்று. 'மேலே எங்கே பெய்கிறது? மேலே அணை உண்டா?' என்பதே. வெள்ளம் சில அடையாளங்களை முன்னே அனுப்புவதுண்டு. தெளிந்த நீர் கலங்கும். இலையும் சுள்ளியும் மிதந்து வரும். தொலைவில் இரைச்சல் எழும். கரைப்பாறையில் நீர்க்கோடு விரல்கணக்கில் ஏறும். இவற்றில் ஒன்றைக் கண்டாலும் ஆற்றோடு கீழே ஓடக்கூடாது. நீர் நம்மைவிட வேகமாக ஓடும். பக்கத்தில் எங்கே ஏற முடியுமோ அங்கே உடனே ஏற வேண்டும். பை, காலணி, கைப்பேசி எதுவும் நினைவுக்கு வரக்கூடாது. இந்த அடையாளங்கள் எப்போதும் வரும் என்றும் நம்பக்கூடாது.

வழிகாட்டியின் சொல்

எங்களுடன் வந்த வழிகாட்டி அந்தப் பக்கத்து ஊர்க்காரர். ஏறத்தாழ என் வயது இருக்கும். கல்லூரியில் படித்தவரல்லர். ஆய்லரையும் ஆர்க்கிமிடீஸையும் அவர் கேள்விப்பட்டிருக்க மாட்டார். ஆனால் ஒவ்வொரு மடுவிலும் முதலில் தாம் குதித்து, எங்கே விழ வேண்டும் என்று நீரில் நின்று கைகாட்டினார். பச்சை நீரைக் காட்டி 'இங்கே' என்றார். வெண்ணீரைக் காட்டித் தலையசைத்தார். நான் மேலே இரண்டு பத்திகளில் எழுதியதை அவர் ஒரு தலையசைப்பில் சொல்லிவிட்டார்.

எங்களில் ஒருவனுக்கு நீச்சல் தெரியாது. உயரமான பாறையின் விளிம்புக்கு வந்ததும் அவன் கால் பின்னிட்டது. மற்றோர் இருவர் வழக்கம்போல் 'குதிடா, ஒன்றும் ஆகாது' என்றார்கள். வழிகாட்டி அவர்களைப் பார்க்கவில்லை. அவனிடம் மட்டும் 'வேண்டுமா, வேண்டாமா?' என்று கேட்டார். 'வேண்டாம்' என்றான். உடனே அவன் கையைப் பற்றிப் பக்கவழியில் அழைத்துச் சென்றார். கேலிக்கு இடமே இல்லாமல் போயிற்று. தயங்கியவன் கால்தான் பாறையில் இடறும், உடல் நேராக நிற்காது என்பது அவருக்குத் தெரியும். தள்ளிவிடப்பட்டவன் குதிப்பதில்லை, விழுகிறான்.

இதைத்தான் நம் விடுதித் தோழர்களிடம் வலியுறுத்த விரும்புகிறேன். 'பயந்தாங்கொள்ளி' என்ற ஒரு சொல் ஆற்றங்கரையில் அருவியைவிட அதிகத் தீங்கு செய்யவல்லது. தமிழ்நாட்டை விட்டு வந்து, பல மாநிலத்தார் நடுவே வாழும் நமக்கு, பிறர் முன்னிலையில் தாழ்ந்துவிடக் கூடாது என்ற உணர்ச்சி சற்று மிகுதி. அந்த உணர்ச்சி படிப்பில் இருக்கட்டும். பாறை விளிம்பில் வேண்டாம்.

மற்றொன்று. 'இன்று ஆறு சரியில்லை' என்று வழிகாட்டி சொல்லும் நாள் வரலாம். அப்போது நாம் என்ன சொல்வோம்? 'இவ்வளவு தூரம் வந்துவிட்டோம். பணமும் கட்டிவிட்டோம்' என்போம். நினைத்துப் பாருங்கள்: இறங்க மறுக்கும் வழிகாட்டிக்கு அன்றைய கூலி இல்லை. தம் வயிற்றுக்கு எதிராகப் பேசும் ஒருவரின் சொல்லை நம்பாமல் வேறு யார் சொல்லை நம்புவது? அவரை வற்புறுத்துவது அவர் உயிரையும் சேர்த்துப் பணயம் வைப்பதாகும். சாக்ஸெட்டன் ஓடையில் மாண்ட 21 பேரில் மூவர் வழிகாட்டிகள் என்றேனே, மறந்துவிட வேண்டாம். வெர்தோன் பாதையில் உள்ளூர் ஆசிரியரின் பெயர் முன்னே நிற்பதன் நியாயமும் இதுவே.

புறப்படுமுன்

அடுத்த விடுமுறையில் நம் சங்கத்தின் சார்பில் எங்கே சென்றாலும், கீழ்க்காணும் கேள்விகளுக்கு விடை தெரிந்த பிறகே பேருந்து ஏறுவோம்:

1. ஆற்றின் மேற்பகுதி எங்கே இருக்கிறது? அங்கே வானிலை அறிக்கை என்ன சொல்கிறது? மேலே அணை இருந்தால் நீர் திறக்கும் நேரம் என்ன?
2. உடன் வரும் வழிகாட்டி அந்த ஆற்றில் இந்தப் பருவத்தில் இறங்கியவரா? ஒருவருக்கு எத்தனை பேர்?
3. தலைக்கவசமும் மிதவைச் சட்டையும் எல்லோருக்கும் அளவாக உள்ளனவா?
4. நம்மில் நீச்சல் தெரியாதவர் யார் யார்? அதை வெட்கமில்லாமல் முன்கூட்டியே சொல்லிவிட்டார்களா?
5. நடுவழியில் வெளியேறும் இடங்கள் எவை? நாம் எங்கே போகிறோம், எப்போது திரும்புவோம் என்பது விடுதியில் ஒருவருக்காவது தெரியுமா?

நீச்சல் தெரியாதவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நம் பல்கலைக்கழகத்திலோ ஊரிலோ நீச்சல் குளம் இருந்தால் இப்பருவத்திலேயே பழகத் தொடங்குங்கள். அடுத்த தேர்வுக்குப் படிப்பது போலவே இதற்கும் நாள்தோறும் அரைமணி நேரம் ஒதுக்குங்கள். பாடத்திட்டத்தில் இல்லாத பாடம் இது. ஆனால் மறுதேர்வு இல்லாத பாடமும் இதுவே.

ஆற்றுக்கு நம்மேல் பகையும் இல்லை, பாசமும் இல்லை. அது தன் விதிகளின்படி ஓடுகிறது. அந்த விதிகளை அறிந்தவனுக்கு அது பாறையின் வரலாற்றையும், ஒளியின் இயல்பையும், நீரின் வலிமையையும் ஒரே நாளில் கற்பிக்கும் பல்கலைக்கழகம். ஆகவே தோழர்களே, அஞ்சி வீட்டில் இருக்க வேண்டாம். அறியாமல் இறங்கவும் வேண்டாம். கற்றுச் செல்லுங்கள், கண்டு மகிழுங்கள், போனவர் அனைவரும் ஒருவர் குறையாமல் விடுதிக்குத் திரும்பி வாருங்கள்.